சட்டைப் பையில் வந்த ரத்தம்

எண்ணிக்கொண்டிருக்கும்போது பேசக்கூடாது என்பது எண்ணுகிறவர்கள் எல்லோருக்கும் பொதுவான விதி. கனகேஸ்வரி வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே அதைத் தூக்கிப் போட்டுவிட்டாள். கண் மைக்ராஸ்கோப்பில் இருக்கும். இடக்கைக் கட்டைவிரல் எண்ணும் கருவியின் பொத்தானைத் தட்டிக்கொண்டிருக்கும். வாய் பாகான் டாலாம் மார்க்கெட்டில் மீன் விற்கும் விலையைப் பக்கத்திலிருப்பவரிடம் சொல்லிக்கொண்டிருக்கும். கடைசியில் அவள் எழுதும் எண்ணிக்கையில் ஒன்று கூடியிருக்காது, ஒன்று குறைந்திருக்காது. புதிதாக வந்த டாக்டர்கள் நம்பாமல் தாங்களே எண்ணிப் பார்ப்பார்கள். இரண்டு முறை எண்ணிப் பார்த்தவர் யாருமில்லை.

பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனில் ஒரு பிரசவ மருத்துவமனை. அதன் பரிசோதனைக் கூடத்தில் 1965இல் சேர்ந்து, 1999இல் ஓய்வு பெறும்வரை அவள் இடம் மாறவில்லை. அப்பா ஏரம்பமூர்த்தி பிறை ரயில் நிலையத்தில் கணக்கு எழுதும் கிராணி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்களில் அப்போது பிள்ளைகளுக்கு மூன்றே தொழில்: டாக்டர், வாத்தியார், கிராணி. கனகேஸ்வரி டாக்டருக்குப் படிக்கப் புள்ளிகள் போதவில்லை. தங்கை யோகலட்சுமி வாத்தியாரானாள். "நீ டாக்டருக்குப் பக்கத்து நாற்காலி" என்று அப்பா சொன்னார். ஆறுதலாகச் சொன்னாரா குத்திக்காட்டினாரா என்று கடைசிவரை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

கல்யாணப் பேச்சு மூன்று முறை வந்தது. இரண்டு ஜாதகத்தில் நின்றது. மூன்றாவது மாப்பிள்ளை, பெண் வேலையை விட வேண்டும் என்றார். பெண் மாப்பிள்ளையை விட்டாள். அப்பா இறந்த பிறகு பாகான் டாலாம் வீட்டில் அக்காவும் தங்கையும்தான். காலையில் ஆறே காலுக்கு ஃபெர்ரி, ஏழு மணிக்கு மேசை. கரையிலிருந்து தீவுக்குப் போகும் பாலம் அப்போது கடலில் வெறும் தூண்களாக நின்றுகொண்டிருந்தது.

மேசைக்கு வருவதில் பாதி, பிறந்து மூன்று நாளான குழந்தைகளின் ரத்தம். மூன்றாம் நாள் நிறையக் குழந்தைகள் மஞ்சளாகும். அம்மா வயிற்றில் இருந்தபோது தேவைப்பட்ட சிவப்பணுக்கள் வெளியே வந்ததும் உடைகின்றன. அதிலிருந்து பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் வருகிறது. அதை வெளியேற்றப் பச்சைப்பிள்ளையின் கல்லீரல் இன்னும் பழகவில்லை. பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாக வடிந்துவிடும். சில குழந்தைகளுக்கு வடியாமல் ஏறும். ஏறி மூளையைத் தொட்டால் அந்தக் குழந்தை ஆயுள் முழுக்க அதைச் சுமக்கும். அதனால் குதிகாலில் ஒரு குத்து, முடி மாதிரி மெல்லிய கண்ணாடிக் குழாயில் இரண்டு துளி, ஒரு எண். எண் கூடினால் குழந்தையின் கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழ் படுக்க வைப்பார்கள். அந்த எண்ணைச் சொல்வது கனகேஸ்வரி.

1983இன் நடுவில் டாக்டர் திருநாவுக்கரசு வந்தார். முப்பத்தாறு வயது. பிரிட்டனில் குழந்தை மருத்துவம் படித்துத் திரும்பியவர். டை கட்டி வந்த முதல் வாரமே வியர்வையில் டையைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார். ஒரு நாள் மத்தியானம் அவள் மேசைக்கு எதிரே நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"மிஸ் கனகா, மைட்டோகாண்ட்ரியா ஞாபகம் இருக்கா?"

"பரீட்சைக்குப் படிச்சது டாக்டர். செல்லுக்குள்ள இருக்கிற அடுப்பு. அதுலதான் செல்லுக்கு வேண்டிய சக்தி வருது."

"அந்த அடுப்பு மேல மஞ்சள் தண்ணி ஊத்தினா?"

"எந்தத் தண்ணி ஊத்தினாலும் அணையும்."

"கரெக்ட் லா!" என்று தொடையில் தட்டினார். "பிலிருபின் மூளைச் செல்லோட அடுப்பை அணைக்குதுன்னு படிச்சிருக்கேன். என் கேள்வி வேற. வெள்ளணுவோட அடுப்பு? கிருமியை எதிர்க்கிற செல்லுக்கே சோறு இல்லைன்னா இந்தப் பிள்ளைங்க சீக்கிரம் நோயில விழும்ல?"

கேள்வி நல்ல கேள்வி. அதைப் பார்க்க வேண்டிய பெரிய கருவிகள் பினாங்கில் இல்லை. ஆனால் ஒரு பழைய வழி கனகேஸ்வரிக்குத் தெரியும். ஜேனஸ் கிரீன் என்று ஒரு சாயம். கண்ணாடித் தகட்டில் அதை மெல்லிய படலமாகக் காயவைத்து, மேலே புது ரத்தம் ஒரு சொட்டு. செல் உயிரோடும் சுறுசுறுப்போடும் இருந்தால் அதன் மைட்டோகாண்ட்ரியா மட்டும் பச்சை மணிகளாகத் தெரியும். அடுப்பு அணைந்திருந்தால் மணியும் வெளுத்துவிடும். எண்ணுவதற்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். வேகமாக எண்ணத் தெரிந்தவள் வேண்டும். அந்த மருத்துவமனையில் அப்படி ஒருத்திதான் இருந்தாள்.

ஆறு மாதம் எண்ணினாள். மஞ்சள் குழந்தைகள் அறுபத்து நான்கு, மஞ்சள் ஆகாத குழந்தைகள் அறுபது. ஒவ்வொரு குழந்தைக்கும் இருபது வெள்ளணு. மஞ்சள் இல்லாத குழந்தைக்கு ஒரு வெள்ளணுவில் சராசரி இருபத்தெட்டு மணி. மஞ்சள் குழந்தைக்குப் பன்னிரண்டு. சந்தேகத்துக்கே இடமில்லாத வித்தியாசம்.

டாக்டர் அந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதி ஒரு வாரம் அழிக்க விடவில்லை. ஏப்ரலில் கோலாலம்பூரில் குழந்தை மருத்துவர்கள் மாநாடு. அங்கே கட்டுரை படிக்க இடம் கிடைத்தது. கட்டுரையில் மூன்றாவது பெயர் கனகேஸ்வரி. அதோடு விடவில்லை. லண்டனில் தனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த பேராசிரியருக்குக் கடிதம் எழுதினார். கட்டுரை மாநாட்டில் படிக்கப்பட்டால், அதற்காக எண்ணிய பெண்ணுக்கு அங்கே ஒரு வருடம் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பயிற்சி தருவதாகப் பதில் வந்தது. செலவு முழுக்க உபகாரச் சம்பளம். ஒரே நிபந்தனை, வயது நாற்பதைத் தாண்டக்கூடாது. கனகேஸ்வரிக்கு அந்த வருடம் நாற்பது.

வீட்டில் யோகலட்சுமி கடிதத்தை நான்கு முறை படித்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரோப் வாக் தெருவில் பழைய சாமான் கடையில் ஒரு கம்பளிக் கோட்டு வாங்கி வந்தாள். எந்த வெள்ளைக்காரன் விட்டுப்போனதோ, கை இரண்டும் முழங்கால் வரை தொங்கியது.

"இதைப் போட்டா நான் கரடி மாதிரி இருக்கேன்டி."

"லண்டன்ல எல்லாரும் கரடிதான் அக்கா. போட்டுப் பழகு."

"பாகான் டாலாம்ல எங்க பழகுறது?"

"ஃபேனை அஞ்சுல வெச்சுப் பழகு!"

இன்னொரு முடிவையும் டாக்டர் எடுத்திருந்தார். வெள்ளணுக்களுக்குச் சக்தி இல்லையென்றால் கிருமி வரும்வரை காத்திருப்பது தப்பு. மார்ச் முதல் தேதியிலிருந்து, பிலிருபின் ஓர் அளவைத் தாண்டிய ஒவ்வொரு குழந்தைக்கும் ஐந்து நாள் கிருமிக்கொல்லி ஊசி. ஐந்து நாளும் குழந்தை வார்டில்தான் இருக்கும். அம்மா மட்டும் வீட்டுக்குப் போகலாம்.

குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்த மிஸி நோர்மாவுக்கு இது பிடிக்கவில்லை. நோர்மா மலாய்க்காரி. பத்து வருடத்தில் தாய்மார்களிடம் தமிழ் பிடித்துக்கொண்டவள். ஒரு நாள் பரிசோதனைக் கூடத்துக்கே வந்து நின்றாள்.

"அக்கா, பேபி தொடை என் ரெண்டு விரல் அளவு. அஞ்சு நாள், பத்து ஊசி. மானா போலே? முடியுமா இது? எங்க குத்துறது, என் தலையிலயா?"

"டாக்டர்கிட்ட சொல்லு நோர்மா."

"சொன்னேன். உங்க நம்பரைக் காட்டினார். பன்னிரண்டு, இருபத்தெட்டு. நம்பர்கிட்ட நான் எப்படி சண்டை போடுறது?"

கனகேஸ்வரி சிரித்துவிட்டு அடுத்த தகட்டை எடுத்தாள். அப்போது அவளுக்கு அதில் கவலை இல்லை. எண் சரியாக இருந்தது.

ஜனவரியில் தைப்பூசம் வந்தது. மாநாட்டுக்குள் எண்ணிக்கை கூடட்டும் என்று கனகேஸ்வரி இன்னும் எண்ணிக்கொண்டிருந்தாள். முதல் நாள், மறுநாள் சேர்த்து மூன்று நாள் ஜார்ஜ் டவுனில் ஐஸ் எல்லாம் முருகன் சொத்து. ரதம் போகிற தெருக்களிலிருந்து தண்ணீர்மலைக் கோயில் வரைக்கும் இரண்டு பக்கமும் தண்ணீர்ப் பந்தல். ஒவ்வொரு பந்தலிலும் சர்பத் பீப்பாய், அதற்குள் ஐஸ் பாளம். தொழிற்சாலைகள் உடைத்து அனுப்புவதெல்லாம் பந்தலுக்கே போதாது. மற்றவர்கள் மூன்று நாள் பச்சைத்தண்ணீர் குடித்துக்கொள்ள வேண்டும்.

தைப்பூசத்தன்று விடுப்பு வேண்டும் என்பதற்காகக் கனகேஸ்வரி முதல் நாளும் மறுநாளும் வேலை கேட்டு வாங்கியிருந்தாள். முதல் நாள் காலை ஒன்பதரைக்குச் சிக்கந்தர் வந்தார். குழந்தைகள் வார்டிலிருந்து ரத்தம் கொண்டுவருகிற ஊழியர். ஐம்பது வயது. வார்டு பின்கட்டிடத்தில், பரிசோதனைக் கூடம் முன்கட்டிடத்தில், நடுவில் பின்வாசல். பின்வாசலுக்கு வெளியே அவர் மச்சானின் டீக்கடை. அதனால் ஐந்து நிமிட நடைக்கு இருபது நிமிடம் ஆகும். இது எல்லோருக்கும் தெரியும். யாரும் எழுதி வைக்கவில்லை.

வழக்கமாக அவர் கையில் இரண்டு சாமான் இருக்கும். மஞ்சள் குழந்தைகளின் குழாய்கள் கறுப்புத்தாள் சுற்றி, ஐஸ் போட்ட அகலவாய் பிளாஸ்க்கில். மற்றக் குழந்தைகளின் குழாய்கள் ஒரு சிகரெட் டின்னில், சட்டைப் பைக்குள். அன்று பிளாஸ்க் இல்லை.

"ஐஸ் லாரியே வரல தங்கச்சி. ஐஸ்காரனுக்கு போன் போட்டேன். 'எல்லாம் பந்தலுக்குப் போயிருச்சு, வேணும்னா சாமிகிட்ட கேளு'ன்றான். நான் துலுக்கன், நான் போய் உங்க சாமிகிட்ட எந்த லைன்ல நிக்கிறது?"

"அப்ப மஞ்சப் பிள்ளைங்க ரத்தம் எங்கண்ணே?"

"எல்லாம் ஒரே டின்தான். கறுப்புத்தாள் சுத்தியிருக்கேன், கலந்துராது." மார்பைத் தட்டிக் காட்டினார். "என் பையில எதுவும் உடைஞ்சது கிடையாது. என் மனசைத் தவிர."

மஞ்சள் குழந்தைகள் அன்று இருவர். கனகேஸ்வரி தகட்டைத் தயாரித்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். வெள்ளணுக்கள் நிறையப் பச்சை மணிகள். ஒன்றில் முப்பத்தொன்று. இன்னொன்றில் இருபத்தாறு. முதல் குழந்தைக்குச் சராசரி இருபத்தேழு வந்தது. இரண்டாவதற்கு இருபத்தொன்பது.

சாயம் கூடிப்போயிருக்கும் என்று முதலில் நினைத்தாள். அதே சாயத்தில் மஞ்சள் இல்லாத குழந்தைக்கு வழக்கமான இருபத்தெட்டுதான் வந்தது. சாயம் சரி. குழாய் மாறியிருக்குமோ என்று பிலிருபினை இன்னொரு முறை அளந்தாள். குழந்தைகள் இரண்டும் நல்ல மஞ்சள்தான். நோட்டில் எண்ணை எழுதிப் பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டாள்.

தைப்பூசத்தன்று யோகலட்சுமியோடு தண்ணீர்மலைக்குப் போனாள். கூட்டம் இடித்த இடியில் செருப்பில் ஒன்று போனது. வரிசையில் நின்ற மூன்று மணி நேரமும் அந்தக் கேள்விக்குறிதான் முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்தது.

மறுநாளும் ஐஸ் வரவில்லை. மஞ்சள் குழந்தைகள் மூன்று. இருபத்தாறு, முப்பது, இருபத்தேழு. அதற்கு அடுத்த நாள் லாரி வந்தது; பிளாஸ்க்கும் வந்தது. அன்றைய மஞ்சள் குழந்தைக்குப் பன்னிரண்டு.

அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் கூடத்தின் கதவைச் சாத்திவிட்டுத் தன் மோதிர விரலில் குத்திக்கொண்டாள். ஆறு குழாய் எடுத்தாள். மூன்றைப் பிளாஸ்க்கில் ஐஸ் மேல் வைத்தாள். மூன்றைச் சிகரெட் டின்னில் போட்டுச் சிக்கந்தரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இதைப் பையில வெச்சுக்கிட்டு மச்சான் கடைக்குப் போயிட்டு வாங்க."

சிக்கந்தர் முகம் சுருங்கிவிட்டது. "யார் சொன்னா நான் கடைக்குப் போறேன்னு?"

"யாரும் சொல்லல. எப்பவும் போல போய் டீ குடிச்சிட்டு எப்பவும் போல வாங்க. சீக்கிரம் வந்தீங்கன்னா திருப்பி அனுப்புவேன்."

"இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு ஆர்டர் யாரும் போட்டதில்ல" என்று போனார். சரியாக இருபத்திரண்டு நிமிடத்தில் திரும்பினார். அந்த இருபத்திரண்டு நிமிடமும் பிளாஸ்க் மேசை மேல் காத்திருந்தது.

கனகேஸ்வரிக்கு மஞ்சள் காமாலை கிடையாது. ஒரே விரல், ஒரே ரத்தம். பையில் போய் வந்ததில் முப்பது மணி. ஐஸில் இருந்ததில் பதின்மூன்று. குளிரிலும் அடுப்பு அணையும்.

அவள் எழுந்து சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் போய்ப் பார்த்தாள். பார்க்கத் தேவையில்லை, எழுதியதே அவள்தான். 1980இல் ஒரு டாக்டர் பிலிருபின் எண்ணில் குறை சொன்னபோது, இனி யாரும் வாய் திறக்கக்கூடாது என்று எழுதியது. 'மஞ்சள் குழந்தைகளின் ரத்தம் கறுப்புத்தாள் சுற்றி ஐஸில் வர வேண்டும்.' வெளிச்சம் பட்டால் பிலிருபின் கெடும், கறுப்புத்தாள் அவசியம். இருபது நிமிடத்துக்கு ஐஸ் தேவையே இல்லை. அது அவள் தன் பங்குக்குச் சேர்த்த கூடுதல் பத்திரம். மஞ்சள் இல்லாத குழந்தைகளைப் பற்றி அறிவிப்பில் ஒன்றுமில்லை. அதனால் சிக்கந்தர் அந்த ரத்தத்தைத் தன் நெஞ்சுச் சூட்டில் கொண்டுவந்தார். ஆறு மாதமாக அவள் எண்ணியது குழந்தையின் மஞ்சளை அல்ல, தன் ஐஸை.

இரவுச் சாப்பாட்டில் தங்கையிடம் சொன்னாள். யோகலட்சுமி கேட்டுவிட்டு, ரசத்தைத் தள்ளி வைத்தாள்.

"இது யாருக்குத் தெரியும்?"

"எனக்கு."

"சிக்கந்தர் அண்ணனுக்கு?"

"அவருக்கு டீ குடிச்சது மட்டும்தான் தெரியும்."

"அப்ப சும்மா இரு. அந்தச் சாயம் எந்திரிச்சு கோலாலம்பூருக்கு வந்து சாட்சி சொல்லுமா? அடுத்த வருஷம்னா உனக்கு வயசு தாண்டிரும். அப்பா சொன்ன பக்கத்து நாற்காலியிலயே உக்காந்து ரிட்டயர் ஆகப் போறியா?"

"மார்ச் ஒண்ணாந்தேதி நோர்மா ஊசி போட ஆரம்பிப்பா. நான் எண்ணின நம்பருக்கு."

"ஊசி போட்டா பிள்ளை செத்துருமா?"

"சாகாது. தேவையில்லாத பத்து ஊசி. அஞ்சு நாள் அம்மா ஒரு இடம், பிள்ளை ஒரு இடம். வருஷத்துக்கு எத்தனை பிள்ளை தெரியுமா?"

"தெரியாது. நீ எண்ணியிருப்பே" என்று யோகலட்சுமி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் அன்று கொஞ்சம் கூடுதலாகக் கேட்டது.

காலையில் கனகேஸ்வரி டாக்டர் அறைக்குப் போய் நோட்டை விரித்து வைத்தாள். தன் விரலில் எடுத்த ரத்தத்தின் எண்ணையும் அறிவிப்பின் தேதியையும் சொன்னாள். டாக்டர் திருநாவுக்கரசு ஓர் உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். அடித்துவிட்டு மறுபடி போட்டார்.

"ஐஸ்னால கொஞ்சம் குறையலாம். ஒத்துக்கிறேன். முழுக்க ஐஸ்தான்னு எப்படிச் சொல்றீங்க? ஐஸ் இல்லாத நாள்ல அஞ்சே பிள்ளைங்க. அஞ்சு போதாது."

"போதாதுதான் டாக்டர்."

"மஞ்சளுக்கும் பங்கு இருக்கலாம்ல?"

"இருக்கலாம்."

"அப்ப திரும்ப எண்ணுவோம். பிப்ரவரி முடியறதுக்குள்ள நாப்பது பிள்ளைங்க. எல்லாம் பையில. ஆனா எது மஞ்சள், எது இல்லைன்னு உங்களுக்குத் தெரியக்கூடாது. தப்பா நினைக்காதீங்க."

"நானே அதைத்தான் கேக்க வந்தேன்" என்றாள்.

நோர்மா ஒவ்வொரு குழாயிலும் எண் மட்டும் எழுதி அனுப்பினாள். எல்லாவற்றுக்கும் கறுப்புத்தாள். எந்த எண் எந்தக் குழந்தை என்ற பட்டியல் நோர்மாவின் அலமாரியில், பூட்டுப் போட்டு. பிலிருபினை அளக்கும் வேலையை அந்த ஐந்து வாரமும் வேறொருவர் பார்த்தார். சிக்கந்தருக்குப் பை கனத்தது. "இப்ப என்னைப் பார்த்தா மச்சானே எழுந்து நிக்கிறான் தங்கச்சி. 'ரிசர்ச் வந்திருக்கு, ஒரு தே தாரிக் போடு'ன்றான்."

கனகேஸ்வரி எண்ணினாள். இந்த முறை பேசாமல் எண்ணினாள். கூடத்தில் இருந்தவர்கள் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். பதினேழாவது குழாயில் ஒன்று நடந்தது. ஒரு வெள்ளணுவின் ஓரத்தில் மங்கலாக நான்கைந்து மணி. பச்சை என்றும் சொல்லலாம், வெளுத்துவிட்டது என்றும் சொல்லலாம். அவள் கட்டைவிரல் பொத்தான் மேல் நின்றுவிட்டது. இது மஞ்சள் குழந்தையாக இருந்தால், இந்த நான்கைந்தையும் விட்டுவிட்டால், எண் கொஞ்சம் இறங்கும். இப்படி ஒவ்வொரு தகட்டிலும் இறங்கினால் கட்டுரை பிழைக்கும். லண்டன் கைவிட்டுப் போகாது. மஞ்சளா இல்லையா என்று தெரிந்துகொள்ள அவள் கண் குழாயின் கறுப்புத்தாளுக்குப் போனது. தாள் ஒன்றும் சொல்லவில்லை.

பத்தொன்பது வருடத்தில் அவள் ஒரு தகட்டில் ஓர் எண்ணை விரும்பியது அதுதான் முதல் முறை. அந்தத் தகட்டைத் தள்ளி வைத்து, பக்கத்து மேசையில் இருந்த பயிற்சிப் பெண்ணைக் கூப்பிட்டாள். "இந்தச் செல்லை நீ எண்ணு. என்ன வருதோ அதை எழுது." அந்தப் பெண் இருபத்தெட்டு என்றாள். கனகேஸ்வரி இருபத்தெட்டு என்று எழுதினாள். அன்றிலிருந்து சந்தேகமான செல் ஒவ்வொன்றுக்கும் இன்னொரு கண் வேண்டும் என்று வைத்துக்கொண்டாள்.

அந்த வருடம் பிப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள். இருபத்தொன்பதாம் தேதி மத்தியானம் நோர்மா பட்டியலைக் கொண்டுவந்தாள். டாக்டர் எண்களைப் படித்தார். நோர்மா "மஞ்சள்", "இல்லை" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். கனகேஸ்வரி இரண்டு வரிசையாக எழுதினாள். பத்துக் குழந்தை முடியும்போதே மூவருக்கும் தெரிந்துவிட்டது. நாற்பதையும் முடித்தார்கள். மஞ்சள் குழந்தைகளுக்கு இருபத்தேழு. மற்றவர்களுக்கு இருபத்தெட்டு. அந்த ஒன்றுக்கு எந்த அர்த்தமும் இல்லை.

டாக்டர் கரும்பலகைக்குப் போனார். அது எப்போதோ துடைத்தாகிவிட்டது. சும்மா அதன் முன்னால் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். இழுப்பறையிலிருந்து ஊசி உத்தரவை எடுத்தார். தட்டச்சு செய்து கையெழுத்துக்குக் காத்திருந்த தாள். நான்காகக் கிழித்தார்.

"நோர்மா, நாளைக்கு ஊசி கிடையாது."

"தெரிமா காசே, டாக்டர்" என்றாள் நோர்மா, நன்றியைச் சின்னக் குரலில். வார்டில் வேலை இருக்கிறது என்று உடனே போய்விட்டாள்.

டாக்டர் டெலிபோனை எடுத்துக் கோலாலம்பூருக்கு இணைப்புக் கேட்டார். காத்திருக்கிற நேரத்தில், "லண்டனுக்கு நான் எழுதிடறேன் மிஸ் கனகா. மெதுவாச் சொல்றேன். ஆய்வு தொடருதுன்னு சொல்லலாம், இடத்தை ஒரு வருஷம் தள்ளி வெக்கச் சொல்லலாம்" என்றார்.

"ஒரு வருஷம் தள்ளினா எனக்கு வயசு தாண்டிரும் டாக்டர். அதுவும் இல்லாம ஆய்வு தொடரல. முடிஞ்சிருச்சு. நானே எழுதுறேன்."

அவள் எழுதிய கடிதம் ஆறு வரி. கட்டுரை திரும்பப் பெறப்படுகிறது. மஞ்சள் குழந்தைகளின் ரத்தம் மட்டும் ஐஸில் வந்ததால் அவர்களின் வெள்ளணுக்கள் மந்தமாகத் தெரிந்தன. ஒரே மாதிரி கொண்டுவந்தால் வித்தியாசம் இல்லை. ஐஸ் வைக்கச் சொன்னது நான். எனக்குத் தரவிருந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுக்கலாம். தகவலுக்காக நாற்பது குழந்தைகளின் எண்கள் இணைக்கப்பட்டுள்ளன. டாக்டர் படித்துவிட்டு, 'நான்' என்ற இடத்தில் 'நாங்கள்' என்று திருத்தலாமே என்றார். அவள் திருத்தவில்லை. தபாலில் சேர்த்துவிட்டு ஐந்தரை ஃபெர்ரியைப் பிடித்தாள்.

வீட்டில் யோகலட்சுமி முடிவை முகத்திலேயே படித்துவிட்டாள். "எத்தனை?" என்று மட்டும் கேட்டாள்.

"இருபத்தேழு, இருபத்தெட்டு."

"சரி. கை கழுவிட்டு வா, இடியாப்பம் ஆறுது."

ஏப்ரல் மாநாட்டில் டாக்டருக்கு ஒதுக்கிய இருபது நிமிடத்தில் வேறொருவர் அம்மை நோயைப் பற்றிப் படித்தார். லண்டனில் அந்த இடம் யாருக்குப் போனது என்று கனகேஸ்வரி விசாரிக்கவில்லை. பிரசவ மருத்துவமனையில் மஞ்சள் குழந்தைகள் விளக்கின் கீழ் இரண்டு நாள், மூன்று நாள் படுத்துவிட்டு அம்மாவோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சுவரிலிருந்த அறிவிப்பில் 'ஐஸில்' என்ற சொல்லை அவள் மை வைத்து அடித்திருந்தாள்.

மே மாதக் கடைசியில் லண்டனிலிருந்து அவள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. பேராசிரியர் கையெழுத்து. வருத்தம், பாராட்டு எதுவும் அதில் இல்லை. இரண்டு கேள்வி இருந்தது: அந்த பிளாஸ்க்குக்குள் வெப்பம் எத்தனை டிகிரி? அதில் ரத்தம் எத்தனை நிமிடம் இருந்தது?

நிமிடம் அவளுக்குத் தெரியும். டிகிரி தெரியாது, ஆறு மாதத்தில் ஒரு முறைகூட அவள் அதை அளந்ததில்லை. கடிதத்தை மேசை மேல் வைத்துவிட்டு, சிக்கந்தரைச் சமையற்கட்டுக்கு அனுப்பி ஐஸ் வாங்கிவரச் சொன்னாள். பிளாஸ்க்கை நிரப்பினாள், தெர்மாமீட்டரை உள்ளே இறக்கினாள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.